அரைச்சுற்று அண்ணனும் நாலாம் நம்பர் படகும்

நாலாம் நம்பர் படகை அரைச்சுற்று அண்ணனைத் தவிர வேறு யாராலும் கரை சேர்க்க முடியாது. இதை அவர் வாயால் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஊரே கண்ணால் பார்த்தது. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் வந்தபோது மாற்று ஓட்டுநர் ஒருவர் வந்தார். கற்றுக்குட்டி இல்லை, மூன்று படகுகளில் பழகிய ஆள். முதல் நாள் துறையின் மரத்தூணில் இடித்தார். இரண்டாம் நாள் அதே தூணைச் சாய்த்தார். மூன்றாம் நாள் தனக்கும் காய்ச்சல் என்று சொல்லியனுப்பிவிட்டார். நாலாம் நாள் அண்ணன் கழுத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, உடம்பு அனலாய்க் கொதிக்க, வந்து சக்கரத்தைப் பிடித்தார். படகு துறையோடு ஒட்டி நின்றது யாருக்கும் தெரியக்கூட இல்லை. இறங்கச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அவர் கரை சேர்க்கும் அழகைப் பார்க்கவென்றே சிலர் முன்வரிசையில் இடம்பிடிப்பார்கள். துறைக்கு இன்னும் முப்பது அடி இருக்கும். வேறு ஓட்டுநர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நேரம். இவர் சக்கரத்தை இடப்பக்கம் அரைச்சுற்று சுற்றுவார். படகு அசையாது. அண்ணன் அதற்காக அலட்டிக்கொள்ளவும் மாட்டார். ஒரு மூச்சு விட்டு, இன்னும் கால் சுற்று. அப்போதுதான் படகுக்கு ரோஷம் வந்து பின்பக்கம் மெல்லத் திரும்பும். அந்த அரைச்சுற்றுதான் அவருக்குப் பெயராக நின்றுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய லைசென்ஸில் இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

ஐம்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷமாக அதே தண்ணீர், அதே பதினெட்டு நிமிஷம், நாளைக்குப் பதினான்கு நடை. ஆள் நல்லவர், முகம்தான் கடுகடுப்பு. துறையில் காத்திருப்பவர்களைப் பார்த்து ஒரு தலையசைப்பு, ஒரு சிரிப்பு, ஒன்றும் கிடையாது. “அண்ணனுக்குப் பல் இருக்கா இல்லையான்னே பதினோரு வருஷமா தெரியல” என்பார் முட்டைக்காரர். தினமும் காலை ஏழு மணி நடையில் எட்டு அட்டை முட்டையை மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டு போகிறவர். ஆனால் அதே மூச்சில் இதையும் சொல்வார்: “பதினோரு வருஷத்துல ஒரு முட்டை, ஒரே ஒரு முட்டை, இந்தப் படகுல விரிசல் விட்டதில்ல.”

படகில் அண்ணனுக்கு ஒரே துணை அவர் மனைவிதான். ஊருக்கு அவள் அண்ணி. டிக்கெட் கிழிப்பதும் அவள், கரை வந்ததும் முன்பக்கம் நின்று கயிறு வீசுவதும் அவள். அவள் வீசிய கயிறு தூணில் விழாமல் தண்ணீரில் விழுந்ததாக இதுவரை சாட்சி சொல்ல ஆளில்லை.

இனி ஒரு டப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நாலாம் நம்பரில் இருப்பது பவர் ஸ்டீயரிங். சக்கரத்தைத் திருப்பினால் எண்ணெய் குழாய் வழியாகப் பின்பக்கம் ஓடும். அங்கே தரைப்பலகைக்குக் கீழே கைமுழம் நீளத்தில் ஒரு சிலிண்டர். எண்ணெய் அதன் தண்டைத் தள்ளும், தண்டு சுக்கானைத் தள்ளும், இஞ்சினோடு ஓடும் பம்பு கைக்குப் பலம் சேர்க்கும். இவ்வளவுதான் விஷயம். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அந்தத் தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் நின்றது. அண்ணன் பார்த்தார், துணியால் துடைத்தார். மறுநாள் இரண்டு சொட்டு. துடைக்கத் துணி போதாமல் போனபோது, காலி பிஸ்கட் டப்பா ஒன்றை அடியில் வைத்தார். அன்றிலிருந்து காலையில் முதல் வேலை அதுதான். டப்பாவில் சேர்ந்த எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, புனல் வைத்து, சக்கரத்தடியில் இருக்கும் மூடியைத் திறந்து மறுபடி உள்ளே ஊற்றுவார். சொட்டியதெல்லாம் திரும்பப் போய்விட்டால் ஒழுக்கு எங்கே இருக்கிறது என்பது அவர் கணக்கு. கேட்கிறவர்களுக்கே ஒரு நிமிஷம் சரிதானே என்று தோன்றும், அப்படி அடித்துச் சொல்வார்.

ஒழுக்கு இருந்தது. அதோடு, வேறு யாராலும் படகைக் கரை சேர்க்க முடியாததால், அண்ணனுக்கு ஆறு வருஷமாக விடுமுறையும் இல்லை. அண்ணியின் தங்கை மகளுக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணி தனியாகப் போய்விட்டு வந்தாள். கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தக் கல்யாணப் போட்டோவில் அவள் முன்வரிசையில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அண்ணன் அந்தப் பக்கம் போகும்போது சட்டைப்பையில் எதையாவது தேடிக்கொண்டே போவார்.

டப்பாவுக்கு முடிவுகாலம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. படகுத்துறை அலுவலகத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஆய்வாளர், ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் டார்ச் வைத்திருப்பவர், பின்பக்கத் தரைப்பலகையைத் தூக்கிக் குனிந்தார். யாரும் தூக்காத பலகை அது.

“இது என்ன?”

“டப்பா சார்.”

“டப்பான்னு தெரியுது. உள்ள?”

“எண்ணெய் சார்.”

“எங்கேருந்து வருது?”

அண்ணன் சற்று யோசித்தார். “மேலேருந்து சார்.”

ஆய்வாளர் சிரிக்கவில்லை. முன்பக்கம் நின்ற அண்ணிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆய்வாளர் தாளை எடுத்து எழுதிக் கையில் கொடுத்தார். பத்து நாளுக்குள் ஸ்டீயரிங் வேலை முடிந்திருக்க வேண்டும். சுக்கான் வேலை செய்த படகுக்கு விதி ஒன்று உண்டு: ஓட்டுநர் மூன்று தடவை கரை சேர்த்துக் காட்ட வேண்டும், அதில் குறைந்தது இரண்டு தடவை சுத்தமாக இருக்க வேண்டும்.

“உங்க லைசென்ஸும் இந்த மாசம் புதுப்பிக்கிற முறை. ரெண்டு தடவை சரியா வரலேன்னா என்னால எழுத முடியாது. டிக்கெட் ஜன்னல்ல ஒரு நாற்காலி காலியா இருக்கு, அங்க உக்காரலாம்.”

டிக்கெட் ஜன்னல் என்ற பேச்சே அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. கம்பி போட்ட சதுர ஓட்டை அது. உள்ளே உட்கார்ந்தால் தண்ணீர் தெரியாது, காத்திருப்பவர்களின் இடுப்பு மட்டும்தான் தெரியும். ஆனால் கரை சேர்த்துக் காட்டுவதைப் பற்றி அவர் துளிகூடக் கவலைப்படவில்லை. “மூணு தடவையா? கண்ணைக் கட்டிவிடச் சொல்லு” என்றார் அண்ணியிடம்.

அண்ணியின் தங்கைக்கு பஸ் டிப்போ எதிரே பட்டறை இருக்கிறது. லாரி, டிராக்டர், கிரேன், எதில் எண்ணெய் ஒழுகினாலும் அவளிடம்தான் வரும். அக்காள் வீட்டுக்காரர் படகில் மட்டும் அவள் கை வைத்ததில்லை, அவர் விட்டதில்லை. தாளைப் படித்த அன்றே மத்தியானம் கருவிப்பெட்டியோடு வந்து இறங்கினாள். பலகையைத் தூக்கி, டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“அத்தான், இதுல பிஸ்கட் எப்ப தீர்ந்துச்சு?”

“வேலையைப் பாரு.”

“எண்ணெயா இது? கஷாயம் மாதிரி இருக்கு.”

அவள் நினைத்தது உள்ளே இருக்கும் ரப்பர் சீல் வளையத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று. சிலிண்டரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, நகத்தால் நெடுக வருடினாள். நகம் ஓரிடத்தில் தட்டி நின்றது. உப்புத்தண்ணீர் தின்று தண்டில் ஒரு கோடு விழுந்திருந்தது. “புது சீல் போட்டா இந்தக் கோடு ஒரே வாரத்துல அதைக் கிழிச்சிடும். முழுசா மாத்தணும்” என்றாள். அண்ணன் ஏதோ சப்பைக்கட்டு கட்டப் பார்த்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலின் நகத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்தாள். அதுவும் தட்டி நின்றது.

புது சிலிண்டர் ஆறாம் நாள் வந்தது. ஏழாம் நாள் நடைகளை நிறுத்திவிட்டு, காலையில் பொருத்தி, புது எண்ணெய் ஊற்றி, குழாய்களை முடுக்கியாகிவிட்டது. மிச்சம் ஒரே வேலை, உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றுவது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் சக்கரத்தில் நின்றார். கொழுந்தியாள் பின்பக்கம் குப்புறப்படுத்துக்கொண்டு, சிலிண்டரின் சின்னத் திருகாணியில் கண்ணாடிபோன்ற குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டாள்.

“இடது பக்கம் முழுக்க சுத்துங்க. பிடிங்க. விட்டுடாதீங்க.”

குழாயில் எண்ணெய் வரவில்லை, நுரை வந்தது. குளுக் குளுக் என்று வந்துகொண்டே இருந்தது. இடது, வலது, மறுபடி இடது. பழைய குழாய்களின் வளைவுகளில் ஒளிந்திருந்ததெல்லாம் வந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயில் தேன் நிறத்தில் குமிழி இல்லாத எண்ணெய் ஓடியது. அவள் திருகாணியை இறுக்கிவிட்டு, நுரை நிறைந்த பாட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“டப்பாவைக் கவுத்து ஊத்தும்போதெல்லாம் எண்ணெயோட காத்தையும் சேத்து ஊத்தியிருக்கீங்க. ஒழுகுன இடம் வழியாவும் காத்து உள்ள போயிருக்கு. சக்கரத்தைச் சுத்தினா முதல்ல இந்தக் காத்துதான் அமுங்கும். அது அமுங்கி முடிஞ்ச பிறகுதான் சுக்கான் அசையும்.” பாட்டிலை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். “உங்க அரைச்சுத்து இதுதான் அத்தான்.”

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருஷமாகக் கைப்பக்குவம் என்று எண்ணியிருந்தது, ஊர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து பார்த்தது, ஒரு பாட்டில் நுரையாக நின்று கண்முன்னே அடங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அவர் போய் இஞ்சின் மூடியைத் தேவையில்லாமல் துடைத்தார்.

எட்டாம் நாள் காலை ஏழு மணி நடை. முட்டைக்காரர் எட்டு அட்டையோடு ஏறினார். எதிர்வரிசையில் டீச்சர், வழக்கம்போல மடியில் நோட்டுகளை அடுக்கிச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டு. நடுத்தண்ணீரில் படகு அருமையாகப் போனது. துறைக்கு முப்பது அடி. அண்ணன் எதையும் யோசிக்கவில்லை, கை தானாக இடப்பக்கம் அரைச்சுற்று சுற்றியது.

புது சிலிண்டருக்கு அரைச்சுற்றும் தெரியாது, அண்ணனையும் தெரியாது. சொன்னதை உடனே செய்தது. பின்பக்கம் சுழன்று, மூக்குத் துறைத்தூணில் மோதியது. உட்கார்ந்தவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். அண்ணி வீசிய கயிறு வாழ்க்கையில் முதல்முறையாகத் தண்ணீரில் விழுந்தது. டீச்சரின் பேனா, ஒரு பிள்ளை பாடுபட்டுச் சரியாகப் போட்ட கணக்கின் குறுக்கே மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட்டது. முட்டைக்காரர் எட்டு அட்டையில் நாற்பத்தொரு முட்டையை இழந்தார்.

அவர் திட்டியிருந்தால்கூட அண்ணனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மனிதர் சட்டையெல்லாம் மஞ்சள் வழிய எழுந்து வந்து, “அண்ணே, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டார்.

அன்று அவர் ஓட்டிய நடையெல்லாம் அதே கதை. கை முந்திக்கொண்டால் மோதியது. கையை அடக்கி வைத்தால், திருப்ப வேண்டிய நேரத்தைத் தவறவிட்டுத் துறையைத் தாண்டிப் போனது. மத்தியானம் ஆளில்லாத நடையில் அண்ணி, “கொஞ்சம் நகருங்க, நான் பாக்குறேன்” என்றாள். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூடச் சக்கரத்தைத் தொடாதவள். திருப்ப வேண்டியபோது திருப்பினாள், படகு திரும்பியது. துறையோடு வந்து சாதுவாக ஒட்டிக்கொண்டது.

“இவ்வளவுதானா?” என்றாள் அண்ணி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆக, இப்போது நாலாம் நம்பர் படகை யார் வேண்டுமானாலும் கரை சேர்க்கலாம், அரைச்சுற்று அண்ணனைத் தவிர. பரீட்சைக்கு இரண்டே நாள் இருந்தது.

சாயங்காலம் அண்ணன் நேரே பட்டறைக்குப் போனார். கொழுந்தியாள் ஒரு லாரிக்கு அடியில் இருந்தாள், கால் மட்டும் தெரிந்தது. அவர் அந்தக் காலிடம் பேசினார்.

“அந்தப் பழைய சிலிண்டர் எங்க?”

“எதுக்கு?”

“ரெண்டு நாளைக்கு அதையே மாட்டு. ஆய்வாளர் போனதும் புதுசைப் போட்டுக்கலாம்.”

கால் அசையாமல் இருந்தது. பிறகு அவள் முழுசாக வெளியே வந்தாள். “அத்தான், ஒழுக்கை அடைச்சாச்சான்னு பாக்கத்தான் அந்த ஆளு வர்றாரு. டப்பாவை அவர் கண்ணு முன்னாடி வெச்சு ஓட்டிக் காட்டப் போறீங்களா?”

அண்ணனுக்கும் தெரியும். கேட்டுப் பார்க்கத்தான் வந்தார். திரும்பி நடந்தபோது தோள் இரண்டும் தொங்கிப்போயிருந்தது.

வீட்டில் அவர் சமையலறை மேசையில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார், சாப்பிடவில்லை. அண்ணி பாத்திரம் தேய்த்தபடியே பேச ஆரம்பித்தாள். அவள் பேச ஆரம்பித்தால் பாத்திரமெல்லாம் சேர்ந்து பேசும்.

“வேற யாராலயும் ஓட்ட முடியாது, ஓட்ட முடியாதுன்னு ஆறு வருஷம். எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா அந்தக் காலி நாற்காலியை வெச்சு எத்தனை பேரு என்னைக் கேட்டாங்க தெரியுமா? என் வீட்டுக்காரர் படகை விட்டு வர முடியாதுங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போச்சு. இப்ப எல்லாராலயும் ஓட்ட முடியுதுன்னா எனக்குச் சந்தோஷம். நிஜமாவே சந்தோஷம். நீங்க அந்த ஜன்னல்ல போய் உக்காருறதுதான் எனக்குத் தாங்காது.”

ஆறிக்கொண்டிருந்த தட்டின் விளிம்பில் அவர் கை இருந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது அதைப் பார்த்தாள். தட்டை அரைச்சுற்று சுற்றினார். நிறுத்தி ஒரு மூச்சு விட்டார். பிறகு கால் சுற்று. மறுபடி முதலிலிருந்து. அவருக்கே தெரியாமல் அந்தக் கை அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அண்ணி நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க கை முதல்ல ஒரு அரைச்சுத்து போடாம அடுத்த வேலைக்குப் போகாது போல. போடட்டும். அதை ஏன் தடுக்கிறீங்க? சக்கரத்தைத் தொடாம போடச் சொல்லுங்க.”

“தொடாம எங்க போடுறது? காத்துலயா?”

“ஆறு வருஷமா எங்க போட்டீங்களாம்?”

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு, அன்றைக்கு முதல்முறையாக, சிரித்துவிட்டார். முட்டைக்காரர் அங்கே இருந்திருந்தால் பதினோரு வருஷ சந்தேகம் தீர்ந்திருக்கும். பல் எல்லாம் இருந்தது.

தட்டை ஓரம் தள்ளி, பானை மூடியைச் சக்கரமாக வைத்துக்கொண்டு அங்கேயே ஒத்திகை தொடங்கியது. அண்ணி எதிரே துறையாக உட்கார்ந்து “முப்பது அடி” என்பாள். அவர் வலது கையை மூடியிலிருந்து எடுத்து, தோள் உயரத்தில் காற்றில் அரைவட்டம் போட்டு, ஒரு மூச்சு விட்டு, கையை இறக்கி மூடியைக் கால் சுற்று திருப்புவார். இருபது தடவை செய்தார். அதன்பிறகு இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டார்.

மறுநாள் முழுக்கப் படகில் அதே வேலை. கையைத் தூக்கிய நடையெல்லாம் படகு பதமாக வந்து நின்றது. கூச்சப்பட்டுத் தூக்காமல் விட்டபோதெல்லாம் மோதியது. முட்டைக்காரர் மட்டும் இன்னும் நம்பாமல் அட்டைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்.

பத்தாம் நாள் காலை ஆய்வாளர் டார்ச்சோடு வந்தார். தரைப்பலகையைத் தூக்கினார். டப்பா இருந்த இடம் காய்ந்து கிடந்தது. சிலிண்டரின் தண்டை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்து, தலையை ஆட்டினார். கொழுந்தியாள் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முட்டைக்காரரும் டீச்சரும் இருந்தார்கள். ஆய்வாளர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார், அரையடி தூரம்கூட இல்லை.

அக்கரையில் முதல் தடவை. அண்ணன் யாரையும் பார்க்காமல் கையைத் தூக்கி அரைவட்டம் போட்டார், இறக்கினார், திருப்பினார். சுத்தம். ஆய்வாளர் புருவத்தை உயர்த்தினார். “அது என்ன கை?” என்றார். அண்ணனுக்குக் காது சிவந்தது. என்னவென்று சொல்வது? “ஒண்ணுமில்ல சார், பழக்கம்” என்று பூசி மெழுகினார்.

அந்தக் கேள்விதான் இரண்டாவது தடவையைக் கெடுத்தது. இக்கரை நெருங்கும்போது ஆய்வாளரின் கண் தன் கையிலேயே இருப்பது தெரிந்தது. வெட்கம் வந்தது. கையைத் தூக்காமல் அடக்கினார், அடக்கிய கை சக்கரத்திலேயே அரைச்சுற்று போட்டது. படகு தூணில் இடித்தது. முட்டைக்காரர் தயாராக இருந்ததால் மூன்றே முட்டையோடு போயிற்று. ஆய்வாளர் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

மூன்றாவது நடை. பதினெட்டு நிமிஷமும் அண்ணனுக்குக் கண்முன்னே அந்தக் கம்பி ஜன்னல்தான் நின்றது. இதுதான் கடைசி நடையோ என்று நினைத்துக்கொண்டார். முன்பக்கம் அண்ணி கயிற்றைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். துறைக்கு நாற்பது அடி இருக்கும்போது திரும்பிப் பார்த்து, ஆய்வாளர் காதில் நன்றாக விழும்படி சொன்னாள்:

“தூக்குங்க. நம்ம வீட்டு மேசைன்னு நெனச்சுக்கிட்டுத் தூக்குங்க. யாரு பாத்தா என்ன?”

அண்ணன் தூக்கினார். ஒளித்துத் தூக்கவில்லை. கை தலைக்கு மேலே போய், பெரிய அரைவட்டமாக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. துறையில் காத்திருந்த கூட்டம் அதைப் பார்த்தது. இருபத்தாறு வருஷமாகத் தலைகூட அசைக்காத மனிதர் கையை ஆட்டுகிறார். ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவர் தூக்கினார். கூடை வைத்திருந்தவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தூக்கினார்கள். துறை முழுக்கக் கை.

அண்ணன் கையை இறக்கிச் சக்கரத்தைக் கால் சுற்று திருப்பினார். படகு துறையோடு வந்து ஒட்டியது. கயிறு தூணில் விழுந்தது. நின்றுவிட்டது என்றே யாருக்கும் தெரியவில்லை. முட்டைக்காரர்தான் அட்டையை எட்டிப் பார்த்து, “அப்படியே இருக்கு” என்றார்.

ஆய்வாளர் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை அண்ணன் ஒளிக்கவில்லை. டப்பா, வேட்டித் துணி, நுரை, அரைச்சுற்று, பானை மூடி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஆய்வாளர் கடைசிவரை முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு கேட்டார். பானை மூடி வந்தபோதுதான் டார்ச்சைப் பிடித்திருந்த கை குலுங்கியது. தாளில், ஸ்டீயரிங் நன்று, ஓட்டுநர் தகுதி உடையவர், பயணிகளிடம் மரியாதையாக நடந்துகொள்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொழுந்தியாள் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தாள்.

அதற்குப் பிறகு நாலைந்து மாதத்தில் அண்ணனின் கை திருந்திவிட்டது. இப்போது அரைவட்டம் எதுவும் தேவையில்லை, கால் சுற்றோடு படகு வந்து நிற்கிறது. ஆனால் துறையில் காத்திருப்பவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. முப்பது அடி வந்ததும் அவர்கள் கையைத் தூக்கிவிடுகிறார்கள். அண்ணன் மட்டும் எப்படித் தூக்காமல் இருப்பது? தூக்குகிறார். கையோடு சேர்ந்து முகமும் கொஞ்சம் மாறிவிட்டது என்று டீச்சர் சொல்கிறார்.

சென்ற மாதம் கொழுந்தியாளின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெயர்சூட்டு விழாவுக்குப் போக அண்ணன் மூன்று நாள் விடுமுறை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வாங்கியவர் தேதி சரிதானா என்று இரண்டு முறை கேட்டார். தூணைச் சாய்த்த அதே மாற்று ஓட்டுநர் பயந்து பயந்து வந்து நாலாம் நம்பர் சக்கரத்தைப் பிடித்தார். அண்ணனும் அண்ணியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணிகள் வரிசையில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அண்ணிக்குக் கையில் கயிறு இல்லாதது என்னவோபோல் இருந்தது, மடியில் இருந்த குழந்தைத் துணி மூட்டையையே சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அக்கரை நெருங்கியது. மாற்று ஓட்டுநர் இரண்டு கையாலும் சக்கரத்தை இறுகப் பிடித்து, அழகாகத் திருப்பிக்கொண்டிருந்தார். துறையில் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தார்கள். அங்கிருந்து ஒரு கையும் வரவில்லை. தூக்கிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றன.

அப்போது பயணிகள் வரிசையிலிருந்து அண்ணன் எழுந்து நின்று, தலைக்கு மேலே பெரிதாக ஓர் அரைவட்டம் போட்டார். துறை முழுக்கச் சிரித்துக் கையை ஆட்டியது. படகு வந்து ஒட்டியது. அவர் உட்கார்ந்தபோது அண்ணி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“போதும், உக்காந்திருங்க” என்றாள். “இந்தத் தடவை போட்டோவுல நாற்காலி காலியா இருக்காது.”